மலேரியாக் குளிசை: எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, உடம்பை விட்டு எப்போது போகும்

ஆபிரிக்காவுக்கோ இந்தியாவின் மலேரியாப் பகுதிகளுக்கோ போய்விட்டுக் கட்டுநாயக்கவில் இறங்குபவர்களில் பலர் பையைப் பிரிக்கும்போதே மிச்சக் குளிசைகளை லாச்சிக்குள் போட்டுவிடுகிறார்கள். "வந்தாச்சு, காய்ச்சலும் இல்லை, இனி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். மலேரியாக் குளிசையில் நடக்கும் பிழைகளில் மிக மோசமானது இதுதான். பயணத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் குடித்தவருக்கும் வீடு வந்து இரண்டு கிழமையில் காய்ச்சல் அடிக்கலாம். எந்தக் குளிசையை எத்தனை நாள் முன்பே தொடங்க வேண்டும், எத்தனை நாள் பின்னும் தொடர வேண்டும், நிறுத்திய பிறகு எவ்வளவு காலம் அது இரத்தத்தில் நிற்கும் என்பவற்றையும், ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் இங்கே எழுதுகிறோம். காரணம் விளங்கினால் கடைசிக் குளிசையை விட மனம் வராது.

முதலில் கிருமியின் நாட்கணக்கு

நுளம்பு கடித்த அரை மணித்தியாலத்துக்குள்ளேயே மலேரியாக் கிருமி ஈரலுக்குள் போய் ஒளிந்துவிடும். பல்சிபாரம் என்ற ஆபத்தான வகை அங்கே குறைந்தது ஏழு நாளாவது தங்கிப் பெருகும். அந்த நாட்களில் காய்ச்சல் இருக்காது, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. பிறகு ஈரல் கலங்கள் வெடித்து, ஆயிரக்கணக்கான கிருமிகள் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களைப் பிடிக்கும். அங்கே 48 மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று: சிவப்பணுவுக்குள் வளர்வது, பெருகுவது, வெடித்து அடுத்த சிவப்பணுவைப் பிடிப்பது. காய்ச்சலும் நடுக்கமும் அந்த வெடிப்பில்தான் வருகின்றன.

மலேரியாப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்து ஏழு நாள் ஆகுமுன் வரும் காய்ச்சல், முந்தைய பயணம் எதுவும் இல்லாவிட்டால், மலேரியாவாக இருப்பது மிக அரிது. அதேபோல, அங்கிருந்து புறப்பட்ட கடைசி இரவில் கடித்த நுளம்பின் கணக்கு நீங்கள் வெள்ளவத்தையில் வீட்டுக்குள் இருக்கும்போதுதான் தொடங்குகிறது.

தடுப்புக் குளிசைகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று ஈரலில் இருக்கும் கிருமியையே கொல்லும். மற்றது ஈரலில் கை வைக்காது. இரத்தத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து கொல்லும். முதல் இனத்தை ஊர் திரும்பிய பின் ஒரு கிழமை குடித்தால் போதும். இரண்டாவது இனத்தை நான்கு கிழமை குடிக்க வேண்டும், ஏனென்றால் ஈரலில் இருப்பவை எல்லாம் ஒரே நாளில் இறங்குவதில்லை.

குளிசைக்குக் குளிசை

*அட்டோவாகுவோன்–புரோகுவானில்.* ஒரு குளிசையில் 250 மி.கி. அட்டோவாகுவோனும் 100 மி.கி. புரோகுவானிலும் சேர்ந்திருக்கும். மலேரியாப் பகுதிக்குள் கால் வைப்பதற்கு 1–2 நாள் முன் தொடங்கி, தினமும் ஒன்று, அங்கிருந்து வெளியேறிய பின் 7 நாள். ஈரலிலேயே கொல்லும் இனம் என்பதால்தான் ஏழு நாளோடு முடிகிறது. பிள்ளைகளுக்கு 62.5/25 மி.கி. சின்னக் குளிசை இருக்கிறது: 11–20 கிலோவுக்கு ஒன்று, 21–30 கிலோவுக்கு இரண்டு, 31–40 கிலோவுக்கு மூன்று, அதற்கு மேல் பெரியவர்களின் ஒரு குளிசை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குத் தடுப்புக்காக இதைக் கொடுப்பதில்லை.

இதில் நடக்கும் பிழை வெறும் வயிற்றில் குடிப்பது. அட்டோவாகுவோன் கொழுப்போடுதான் உடம்பில் ஏறும். பிளேன்டீயோடு விழுங்கினால் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். முட்டை, பாற்சோறு, பால் தேத்தண்ணி, தேங்காய்ச் சம்பலோடு பாண் என்று கொழுப்புள்ள ஏதாவது ஒன்றோடு, தினமும் ஒரே நேரத்தில் குடியுங்கள்.

*டொக்சிசைக்கிளின்.* 100 மி.கி., தினமும் ஒன்று. 1–2 நாள் முன் தொடக்கம், வெளியேறிய பின் 4 கிழமை. இது இரத்தத்தில் கொல்லும் இனம். ஈரலில் இதை நம்ப முடியாது. குடித்த 2–3 மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வந்துவிடும். ஆகவே "நாளைக்குப் பயணம், இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது" என்பவர்களுக்கும் உதவும். ஆனால் விரைவாக ஏறுவது விரைவாக இறங்கவும் செய்யும். ஒரு நாள் விட்டால் பாதுகாப்பில் ஓட்டை விழும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சரிவராது.

டொக்சிசைக்கிளின் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சாய்பவர்களுக்கு அடுத்த நாள் நெஞ்சுக்குள் கத்தி குத்துவதுபோல வலி வரும். மாரடைப்போ என்று பயந்து ஓடுவார்கள். ஒரு முழுக் குவளைத் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பிறகு, குடித்த பின் குறைந்தது அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருத்தல் அல்லது நிற்றல். இந்த மூன்றையும் பிடித்தால் வலி வராது. இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அமிலநீக்கி ஆகியவை டொக்சிசைக்கிளினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இடையில் 2–3 மணித்தியாலம் விடுங்கள். வெயிலில் தோல் சட்டென்று கருகும், நிறுத்திய பின்னும் சில நாள் அந்தக் கூச்சம் இருக்கும். நீளக்கைச் சட்டை நுளம்புக்கும் வெயிலுக்கும் சேர்த்தே உதவும்.

*மெஃப்ளோகுயின்.* 250 மி.கி., கிழமைக்கு ஒன்று, எப்போதும் அதே கிழமை நாளில். 2–3 கிழமை முன்பே தொடங்கி, திரும்பிய பின் 4 கிழமை. இவ்வளவு முன்பே தொடங்க இரண்டு காரணம். இது படிப்படியாகத்தான் இரத்தத்தில் சேரும். அதைவிட முக்கியமானது, இந்தக் குளிசை ஒத்துவராதவர்களை வீட்டிலிருக்கும்போதே கண்டுபிடிப்பது. தலைச்சுற்று, தூக்கமின்மை, கெட்ட கனவு, காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு என்று வரப்போகும் விளைவுகளில் முக்கால்வாசி முதல் மூன்று குளிசைக்குள் தெரிந்துவிடும். தெரிந்தால் நிறுத்திவிட்டு மாற்றுக் குளிசை கேட்க நேரம் இருக்கும். மனநோய் அல்லது வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதன் பெட்டியில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. தலைச்சுற்றும் சமநிலைக் குழப்பமும் குளிசை நின்ற பின்னும் நீடிக்கலாம் என்பதே அதன் சாரம்.

*குளோரோகுயின்.* கிழமைக்கு 300 மி.கி. அடிப்படை மருந்து, 150 மி.கி. குளிசையாக இருந்தால் இரண்டு. 1–2 கிழமை முன், 4 கிழமை பின். மலேரியாக் காலத்தைக் கண்ட வீடுகளில் இந்தக் கசப்புக் குளிசையை அம்மம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பழக்கத்தில் "வீட்டில கிடக்குது, அதையே கொண்டுபோ மகன்" என்று கொடுக்க வேண்டாம். ஆபிரிக்காவின் பல்சிபாரம் இதற்குப் படியாது. இலங்கையிலேயே குளோரோகுயினுக்குப் படியாத பல்சிபாரம் 1984இல் காணப்பட்டது. பழைய குளிசை வீட்டில் கிடந்தால் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள், அல்லது அகற்றுங்கள். தவழும் குழந்தைக்கு ஒன்றிரண்டு குளிசையே உயிருக்கு ஆபத்து.

ஒரு பயணத்தைத் திகதியோடு போட்டுப் பார்ப்போம்

மொசாம்பிக்கில் மாணிக்கக்கல் வாங்கப் போகும் ஒருவரை எடுப்போம். கொழும்பிலிருந்து புறப்படுவது மார்ச் 10. மலேரியாப் பகுதிக்குள் நுழைவது மார்ச் 12. அங்கிருந்து வெளியேறுவது மார்ச் 30. கட்டுநாயக்கவில் இறங்குவது 31.

எண்ணத் தொடங்க வேண்டிய திகதி மார்ச் 30. விமானம் இறங்கிய நாளையோ வேலைக்குத் திரும்பிய நாளையோ எடுக்காதீர்கள்.

அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்றால் மார்ச் 10 முதல் ஏப்ரல் 6 வரை, மொத்தம் 28 குளிசை. டொக்சிசைக்கிளின் என்றால் மார்ச் 10 முதல் ஏப்ரல் 27 வரை, 49 குளிசை. மெஃப்ளோகுயின் என்றால் பெப்ரவரி 19, 26, மார்ச் 5, 12, 19, 26, ஏப்ரல் 2, 9, 16, 23. மொத்தம் 10 (பெப்ரவரியில் 28 நாள் என்று எடுத்தால்).

டொக்சிசைக்கிளின் வரிசையைக் கவனியுங்கள். ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பு, அதற்குள் விழுகிறது. விருந்து, ஊர்ப் பயணம், யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ். குளிசை தவறும் நாட்கள் இவைதான். ஊருக்குப் போகும் பைக்குள் குளிசையை முதல் நாளே வைத்துவிடுங்கள். கைத்தொலைபேசியில் அலாரம் வைக்கும்போது கடைசித் திகதியையும் சேர்த்து வையுங்கள். முடிவுத் திகதி இல்லாத அலாரத்தை ஐந்தாம் நாளே அணைத்துவிடத் தோன்றும்.

முழு எண்ணிக்கையையும் இங்கிருந்தே கொண்டு போங்கள், கைப்பையில். ஆபிரிக்காவின் பல சந்தைகளில் போலிக் குளிசை புழங்குகிறது. அட்டையிலிருந்து பிய்த்துப் போத்தலில் போடவும் வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் அது வேகமாகக் கெடும்.

ஒரு குளிசை தவறினால் ஞாபகம் வந்தவுடன் குடியுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளைக்குரியதை மறுபடி குடிக்க வேண்டும்.

நிறுத்திய பிறகு எவ்வளவு காலம் நிற்கும்

"குளிசை சூடு, ரெண்டு இளநீர் குடிச்சா போயிடும்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. செவ்விளநீர் தாகத்துக்கு நல்லது, ஆனால் இந்தக் குளிசைகளை அது ஒரு மணித்தியாலம்கூட முந்தி வெளியேற்றாது. இவற்றில் பல கொழுப்பிலும் ஈரலிலும் சிவப்பணுக்களிலும் படிந்து, தம் வேகத்தில்தான் கசிந்து வெளியேறும். தண்ணீரைக் கூட்டிக் குடிப்பதால் அந்த வேகம் மாறாது.

வேகத்தை அளக்கும் அளவுக்கு அரைவாழ்வுக் காலம் என்று பெயர். இரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. ஒரு அரைவாழ்வு கழிந்தால் 50 வீதம் மிச்சம், இரண்டில் 25, மூன்றில் 12.5, நான்கில் 6.25, ஐந்தில் ஏறத்தாழ 3. ஐந்து அரைவாழ்வு ஆனதும் மருந்து போய்விட்டது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கடைசிக் குளிசையிலிருந்து எண்ண வேண்டும்.

டொக்சிசைக்கிளினின் அரைவாழ்வு 16–22 மணித்தியாலம். ஐந்தால் பெருக்கினால் மூன்றரை முதல் நாலரை நாள். அட்டோவாகுவோனுக்கு 2–3 நாள், ஆகவே 10 முதல் 15 நாள். அதனோடு சேர்ந்த புரோகுவானில் அதற்கு முன்பே போய்விடும். மெஃப்ளோகுயினுக்கு 2–4 கிழமை, ஆகவே 10 முதல் 20 கிழமை. கடைசிக் குளிசை ஏப்ரல் 23 என்றால், ஓகஸ்ட்டிலும் சிறிதளவு உடம்பில் இருக்கக்கூடும். குளோரோகுயினுக்கு 1–2 மாதம், ஆகவே ஐந்து முதல் பத்து மாதம். ஈரலில் தூங்கும் கிருமிக்குக் கொடுக்கும் பிரிமாகுயினுக்கு (அதைப் பற்றிப் பின்னால் வரும்) ஏறத்தாழ 6 மணித்தியாலம்தான். ஒன்றரை நாளில் ஆள் இல்லை.

இந்த எண்களைத் தவறாக வாசிக்கவும் இடமிருக்கிறது. "மெஃப்ளோகுயின் மாதக்கணக்கில் நிற்கும் என்றால் திரும்பிய பின் நான்கு கிழமை எதற்கு?" என்று கேட்பார்கள். உடம்பில் இருப்பது வேறு, கிருமியைக் கொல்லப் போதிய அளவில் இருப்பது வேறு. அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு மிஞ்சும் கசிவு நோயைத் தடுக்காது. காய்ச்சல் வரும் நாளைத் தள்ளிப்போடத்தான் செய்யும். அதோடு, குறைந்த அளவு மருந்துக்கு நடுவே கிருமி வளர்ந்தால் மருந்துக்குப் படியாத கிருமிதான் தப்பிப் பிழைக்கும்.

ஆட்களுக்கு ஆள் இந்த எண்கள் மாறும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் குடிப்பவரில் அட்டோவாகுவோன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அதே வேலையைச் செய்யும். வாந்தியை நிறுத்தப் போய் மலேரியாத் தடுப்பைப் பாதியாக்கிவிடுகிறோம். வலிப்புக்குக் காபமசெபினோ பீனைட்டோயினோ குடிப்பவரில் டொக்சிசைக்கிளின் வழக்கத்தைவிட வேகமாக வெளியேறும். வார்ஃபரின் குடிப்பவர்கள் எந்த மலேரியாக் குளிசை தொடங்கும்போதும் கிளினிக்கில் சொல்லி இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நோய் வந்தவருக்குக் குளிசை எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும்

பல்சிபாரத்துக்கு வாயால் கொடுக்கும் முக்கியமான சிகிச்சை ஆர்டிமீதர்–லூமிஃபான்ட்ரின். 20/120 மி.கி. குளிசை. 35 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஒரு வேளைக்கு நான்கு, ஆறு வேளை, மொத்தம் 24. நேரம்: தொடங்கும்போது, 8ஆம், 24ஆம், 36ஆம், 48ஆம், 60ஆம் மணித்தியாலம். இரண்டாம் வேளையில்தான் அதிகம் பிசகுகிறது. "காலையும் மாலையும்" என்று சொன்னால் முதல் நாளும் 12 மணித்தியால இடைவெளி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டுக்கும் இடையே எட்டு மணித்தியாலம்தான். இரவு 9 மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து இரண்டாவது வேளை. அதன்பின் இரவு 9, காலை 9, இரவு 9, காலை 9.

ஒவ்வொரு வேளையும் பாலோடோ கொழுப்புள்ள சாப்பாட்டோடோ குடிக்க வேண்டும். லூமிஃபான்ட்ரின் உடம்பில் ஏறும் அளவு கொழுப்புணவோடு 16 மடங்குவரை கூடும். காய்ச்சல்காரருக்குச் சோறு இறங்காது, கஞ்சித்தண்ணீர்தான் கேட்பார். அப்போது ஒரு குவளை முழு ஆடைப்பால் போதும்; கஞ்சித்தண்ணீர் போதாது.

இந்தக் குளிசையில் இரண்டு மருந்துகள் வேலையைப் பங்கு போட்டிருக்கின்றன. ஆர்டிமீதர் சில மணித்தியாலத்திலேயே பிடித்துவிடும், ஆனால் அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 2 மணித்தியாலம்தான். லூமிஃபான்ட்ரின் மெதுவானது, 3–6 நாள் அரைவாழ்வு. ஆர்டிமிசினின் குடும்ப மருந்து ஒரு 48 மணித்தியாலச் சுற்றில் கிருமிகளை ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும். நோய் முற்றிய பெரியவர் ஒருவரில் இலட்சம் கோடி கிருமி இருக்கலாம். முதல் சுற்றில் அது பத்துக் கோடியாகிறது. மூன்று நாளில் மருந்து இரண்டாவது சுற்றையும் தொடுகிறது, பத்தாயிரம் மிஞ்சுகிறது. அந்தப் பத்தாயிரத்தைத் துடைக்கத்தான் லூமிஃபான்ட்ரின் பின்னால் நிற்கிறது.

காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். அப்போது உடம்பில் கோடிக்கணக்கில் கிருமி மிச்சம். "விட்டுட்டுது" என்று நான்காம் வேளையோடு நிறுத்தினால், மிஞ்சியவை இரண்டு நாளுக்கு ஒரு தரம் பெருகி, மூன்று நான்கு கிழமையில் நோய் திரும்பி வரும். முதல் நாள் காய்ச்சல் குறையவில்லை என்பதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். பரிசோதனைக்கண்ணாடியில் கிருமிகளின் எண்ணிக்கை இறங்குகிறதா என்பதே அளவுகோல். மூன்றாம் நாளும் கிருமி தெரிந்தால்தான் மருந்தின் திறனைப் பற்றிய கேள்வி எழும். மயக்கம், பிதற்றல், மூச்சுத்திணறல், மஞ்சட்காமாலை, சிறுநீர் குறைதல், வாயால் ஒன்றும் தங்காத வாந்தி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் குளிசைக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே ஆர்டிசுனேட் ஏற்ற வேண்டும்.

தடுப்புக்கு எந்தக் குளிசை குடித்தாரோ அதையே சிகிச்சைக்குக் கொடுப்பதில்லை. அதையும் மீறி நோய் வந்திருக்கிறதென்றால் வேறு மருந்து வேண்டும்.

வைவாக்ஸ்: குளிசை போன பின்னும் கிருமி தூங்கும்

இந்தியாவிலிருந்து வருவதில் வைவாக்ஸ் வகை அதிகம். சென்னை போன்ற நகரத்தில்கூட உண்டு, ஏனென்றால் அங்கே அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகுகிறது. ஒவ்வொரு சென்னைப் பயணத்துக்கும் குளிசை தேவைப்படாது. போகும் இடத்தையும் காலத்தையும் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார்.

வைவாக்ஸின் ஒரு பகுதி ஈரலில் தூங்கும். மேலே சொன்ன தடுப்புக் குளிசை ஒன்றுமே அந்தத் தூங்கும் கிருமியைத் தொடாது. எல்லாக் குளிசையும் ஒழுங்காகக் குடித்து முடித்தவருக்கு மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வருவது இப்படித்தான். குளோரோகுயினால் சிகிச்சை பெற்றவரில் அது இரத்தத்தில் நீண்டகாலம் நிற்பதால் முதல் மறுதாக்குதல் ஐந்து முதல் ஏழு கிழமைவரை தள்ளிப்போகலாம். விரைவாக வெளியேறும் மருந்து என்றால் மூன்று கிழமையிலேயே வரலாம். "போன மாதம்தானே சுகமாச்சு" என்ற ஏமாற்றம் இங்கேதான் பிறக்கிறது.

தூங்கும் கிருமிக்கு மருந்து பிரிமாகுயின். வழக்கமான முறை 14 நாள். ஒன்றரை நாளில் உடம்பை விட்டுப் போகும் மருந்து என்பதால் தினமும் குடித்தே ஆக வேண்டும், மொத்த அளவுதான் கணக்கு. காய்ச்சல் மூன்றாம் நாளே போய்விடும். மிச்சம் பதினொரு நாளும் ஒரு நோயும் இல்லாமல் குடிக்க வேண்டியிருக்கும். விடுபடுவது அந்தப் பதினொரு நாளில்தான். டஃபினோகுயின் என்ற புதிய மருந்துக்கு அரைவாழ்வு ஏறத்தாழ 15 நாள், ஆகவே ஒரே வேளை போதும்.

இரண்டுக்கும் முன்னால் ஜீ-6-பீடீ என்ற நொதியத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த நொதியம் குறைந்தவருக்கு இவை சிவப்பணுக்களை உடைத்துவிடும். அடையாளம் சிறுநீரில் தெரியும்: பிளேன்டீ நிறம், பிறகு கோலா நிறம். கூடவே களைப்பு, கண் மஞ்சள். உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரிமாகுயின் விரைவாக வெளியேறினாலும் உடைந்த சிவப்பணுக்களுக்கு ஈடாக உடம்பு புதியவற்றை உண்டாக்கக் கிழமைகள் எடுக்கும். டஃபினோகுயினில் நிறுத்துவதற்கே ஒன்றுமில்லை, அது உள்ளேயே இருக்கும். அந்தப் பரிசோதனையின் முடிவைப் பார்க்காமல் இந்தக் குளிசைகளைக் கையில் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டும் இல்லை.

குளிசை உடம்பில் இருக்கும்போது வேறு காரியங்கள்

பிள்ளைக்காக முயற்சிப்பவர்கள் கடைசிக் குளிசைக்குப் பின் காத்திருக்கும் காலம்: டொக்சிசைக்கிளினுக்கு ஒரு கிழமை, அட்டோவாகுவோன்–புரோகுவானிலுக்கு இரண்டு கிழமை, மெஃப்ளோகுயினுக்கு மூன்று மாதம். இது முன்னெச்சரிக்கை. குடித்துக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் தெரிந்தால் பயந்துபோய் எதையும் செய்யாமல் மருத்துவரிடம் பேசுங்கள். தாய்ப்பாலில் போகும் மருந்து மிகச் சிறிது. குழந்தையை அது மலேரியாவிலிருந்து காக்காது, குழந்தைக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

நாய் கடித்து விசர்நாய்த் தடுப்பூசிக்குப் போகிறவர் குளோரோகுயின் குடித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் ஊசியின் பலனை அது குறைக்கும்; தசையில் போடும் முறைக்கு மாற்றுவார்கள். குளோரோகுயின் மாதக்கணக்கில் நிற்பதால் "போன மாதமே நிறுத்திட்டன்" என்பது பதில் ஆகாது. வாயால் குடிக்கும் டைபொயிட் தடுப்பு மருந்துக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் இடையே மூன்று நாளாவது விடுங்கள்.

இரத்ததானத்துக்குப் போனால் பயணம் பற்றிய கேள்வியில் நாட்டையும் திரும்பிய திகதியையும் எழுதுங்கள். அங்கே தடை குளிசைக்காக இல்லை. தூங்கும் கிருமி ஒன்று வேறொருவர் உடம்புக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக.

கொழும்பில் எங்கே போவது, என்ன சொல்வது

நாரஹேன்பிட்டவில் சுகாதார அமைச்சின் மலேரியா தடுப்பு இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது. பயணிகளுக்குத் தடுப்புக் குளிசை அங்கே இலவசம். தனியார் பார்மசிகளில் மலேரியா மருந்துகள் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. "அண்ணே, மலேரியாக் குளிசை ஒரு காட் தாங்கோ" என்று கேட்டு அலைய வேண்டாம். மூன்று கிழமை முன்பே போங்கள், அப்போதுதான் கிழமைக் குளிசையும் தெரிவில் இருக்கும். நாட்டின் பெயர் மட்டும் போதாது; எந்த ஊர், எத்தனை இரவு, எந்த மாதம் என்பதை எழுதிக் கொண்டு போங்கள். நிறை, வேறு குடிக்கும் மருந்து, வலிப்பு, மனநோய், இதயத்துடிப்புக் கோளாறு, கர்ப்பம் எல்லாம் சொல்லுங்கள்.

இலங்கைக்குள்ளேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே 2016 டிசம்பரில் மன்னாரில் ஸ்டெபென்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. நுளம்பு இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஒருவரின் இரத்தத்தில் அது வந்துவிட்டால் போதும். 1934–35இல் மலேரியா இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. 1963இல் நோயாளர் எண்ணிக்கை 17 ஆகக் குறைந்திருந்தும், அந்தப் பத்தாண்டு முடியுமுன் நோய் திரும்பிப் பெரிதாகப் பரவியது.

பயணம் முடிந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், குளிசை ஒழுங்காகக் குடித்திருந்தாலும், ஓபிடி வாசலிலேயே பயணத்தைச் சொல்லுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லார் மனமும் டெங்குவுக்குத்தான் போகும். இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை மலேரியாவிலும் இறங்கும், ஆகவே அந்த அறிக்கை மட்டும் பார்த்தால் டெங்கு என்றே தோன்றும். "மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கோ டொக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தடுப்புக் குளிசை உடம்பில் இருக்கும்போது கிருமி மிகக் குறைவாக இருக்கும்; முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மூன்று முறை பார்த்தபின்தான் இல்லை என்று சொல்வார்கள். பனடோல் போட்டுக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு வீட்டில் நாள் கடத்தாதீர்கள்.

சுகமான பிறகு வேகப் பரிசோதனைத் துண்டில் மறுபடி கோடு தெரிந்தால் கலங்க வேண்டாம். அந்தத் துண்டு கிருமியின் புரதத்தைத்தான் பிடிக்கிறது. கிருமி செத்த பின்னும் அந்தப் புரதம் கிழமைக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். சிகிச்சை பலித்ததா என்பதை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் சொல்வார்கள், அதற்காக 28 நாள்வரை திகதி போட்டுக் கூப்பிடுவார்கள். அந்தத் திகதிகளுக்குப் போகும்போது காலியான குளிசை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எத்தனை குழி வெறுமையாக இருக்கிறது, எத்தனையில் குளிசை மிச்சம் என்பதைப் பார்த்தே அடுத்த மருந்தைத் தீர்மானிப்பார்கள்.